நாற்பத்து மூன்றாவது ஸ்லைடு

மூன்றாம் முறையாக அதே இடத்தில் நிற்கிறேன்.
நீலமும் ஆரஞ்சுமாய்ச் சாயமேறிய செல்கள்.
ஈரத்தரையில் ஒட்டிக்கொண்ட இதழ்கள் மாதிரி என்று
வேலைக்குச் சேர்ந்த வருடம் யாரிடமோ சொன்னேன்.
இப்போது அவை செல்கள், அவ்வளவுதான்.
ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கரும்புள்ளி.
புள்ளி பெருத்திருக்கிறதா, கோணலா,
மை கொட்டியதுபோல் இருண்டிருக்கிறதா?
கேள்வி இருக்கிறது.
கேட்பவளைத்தான் காணவில்லை.

கண் போய்க்கொண்டே இருக்கிறது,
இடமிருந்து வலம், ஒரு வரி இறங்கி வலமிருந்து இடம்,
ஓட்டுநர் இறங்கிப்போன பிறகும்
வைப்பர் மட்டும் ஆடும் பேருந்தாக.
நானோ
மகன் பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில்,
பொத்தோங் பாசிர் வீட்டில் சொட்டும் குழாயடியில்,
காலை ரயிலில் என் காலை மிதித்தவள்
சொன்ன சாரியின் தொனியில்.

ஸ்லைடின் ஓரத்தில் ஓர் எண்.
பெயர் கிடையாது, முகம் கிடையாது.
இந்நேரம் ஏதோ ஓர் ஈரச்சந்தையில்
இதையெல்லாம் மறந்து
மீனுக்குப் பேரம் பேசிக்கொண்டிருப்பாள்.
மறக்கட்டும்.
அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

ஹுய் ஷான் ஒன்றும் கேட்கவில்லை.
நின்று நின்று போகவேண்டிய என் விரல்
ஒரே சீராய் ஓடுவது
அடுத்த மேசைவரை கேட்டிருக்கும்.
நுண்ணோக்கியிலிருந்து முகம் எடுக்காமல்
மோவாயால் கதவைக் காட்டினாள்.

கைத்தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனேன்.
வெட்கத்தை விட்டுச் சொல்வதென்றால்
வீட்டுச்சாவியை உள்ளே வைத்துப்
பூட்டிக்கொண்டதுபோல் இருந்தது.

காப்பிக்கடைக்குப் போனால் யாராவது பேசுவார்கள்,
நானும் பேசுவேன்.
அதனால் அவசரப் படிக்கட்டு, நான்காம் மாடித் திருப்பம்.
சுவரில் சாய்த்த தலைகீழ்த் துடைப்பான்,
அதன் அடியில் ஒரு நெகிழி வாளி,
ஒடுங்கிய ஜன்னலில்
ஊட்ரமின் தூங்குமூஞ்சி மரம், பாதி.
மீதியை எதிர்க்கட்டடம் எடுத்துக்கொண்டது.
மழை வந்து போயிருக்கிறது,
எனக்குச் சொல்லாமல்.
இலைகளை மடித்து வைத்திருந்தது மரம்.
நடுப்பகலில் தூங்கியதற்கு
யாரும் அதற்கு எச்சரிக்கைக் கடிதம் தரவில்லை.

உட்கார்ந்தேன். படி சில்லென்றிருந்தது.

தியானமெல்லாம் இல்லை.
மூச்சை எண்ணுங்கள் என்றார்
அலுவலகப் பயிற்சிக்கு வந்த ஒருவர்.
நாளெல்லாம் எண்ணுகிறவளிடம்.
சும்மா இருந்தேன்.
சும்மா இருப்பதும் உடனே வந்துவிடாது.
சட்டைப்பையில் இல்லாத தொலைபேசி
இரண்டு முறை அதிர்ந்தது.
மேல்மாடிக் கதவு ஒன்று சாத்திக்கொண்டது.
பிறகு
துடைப்பானின் நூலிலிருந்து
வாளிக்குள்
ஒரு சொட்டு.

இன்னொன்று.

அடுத்தது வரவில்லை.
வரவில்லையே என்று காத்திருந்தபோதுதான் தெரிந்தது,
நான் காத்திருக்கிறேன்.
சொட்டு விழுந்தது. கேட்டது.
கேட்பவள் வந்துவிட்டாள்.

ஒன்பது நிமிடம்.
தொலைபேசியில் பதினேழு செய்திகள், எல்லாம்
நாளைய விளையாட்டு வகுப்புக்கு
எந்த நிறச் சட்டை என்பது பற்றி.

எந்த எண்ணில் எழுந்து போனேன் என்பதுதான் சிக்கல்.
முப்பத்தெட்டின் மூலையில்
திராட்சைக்கொத்துபோல் சில செல்கள், அது நினைவிருக்கிறது.
அப்புறம் வெறும் நகர்வு.
முப்பத்தொன்பதிலிருந்து நாற்பத்திரண்டுவரை
என் கையெழுத்து இருக்கிறது. நான் இருந்தேனா தெரியாது.
நான்கிலும் கோடிழுத்தேன்,
பக்கத்தில் நேரத்தை எழுதினேன்.
ஆறு மணிக்குள் முடியாது. முடிய வேண்டாம்.

விளக்கை ஒரு படி தணித்து
முப்பத்தொன்பதை மறுபடி வைத்தேன்.
இடமிருந்து வலம்.
நின்று.
பார்த்து.
இன்னும் கொஞ்சம் நின்று.

இவளுக்கு ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை என்பதை
இந்த முறை பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

அடுத்தவள்.